மூன்று புள்ளிகள்

தந்திப் பெட்டியின் வேகக் குமிழை மின்னல் இரண்டு கோடு கீழே திருகியபோது, சமையலறைக் குழாயின் சொட்டும் கூடவே பின்தங்கியது.

அவர் அதைக் கவனித்திருக்கவே வேண்டியதில்லை. தலையில் ஹெட்போன் இருந்தது. ஆனால் வலது காதை மட்டும் மூடிக்கொண்டு இடது காதைத் திறந்து வைத்திருப்பது அவர் வழக்கம். ஒரு காது உலகத்துக்கு, ஒரு காது வீட்டுக்கு என்று வானொலிச் சங்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். வீட்டுக்கு ஒதுக்கிய அந்தக் காதில் நேற்றிலிருந்து விழுந்துகொண்டிருந்தவை மூன்றே சங்கதி: தலைக்கு மேல் விசிறியின் உறுமல், சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக், கீழே வாஷர் தேய்ந்த குழாயின் சொட்டு. குழாய்க்காரரைப் போட்டி முடிந்த பிறகு வரச் சொல்லியிருந்தார். இத்தனை நேரம் பாத்திரத்தின் அடியில் அவசரமாக விழுந்துகொண்டிருந்த சொட்டு, இப்போது விழுந்தது, கொஞ்சம் யோசித்தது, பிறகு மறுபடி விழுந்தது.

தூக்கமில்லாத காது, என்று நினைத்துக்கொண்டு அவர் குமிழிலிருந்து கையை எடுத்தார்.

மின்னல் என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. சங்கத்தில் அந்தப் பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தது என்று விசாரித்தால் ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். அந்தக் கை சுற்றி வந்து கடைசியில் அவரிடமே நிற்கும். காப்பீட்டு அலுவலகத்தில் மேற்பார்வையாளர். அங்கே ஒரு கோப்பு அவர் மேசையைத் தாண்டுவதற்குள் விண்ணப்பித்தவருக்கு முடி நரைத்துவிடும். அப்படி மிச்சம் பிடித்த வேகத்தையெல்லாம் வீட்டின் மாடியறையில் மோர்ஸ் தந்தியில் செலவழித்தார். சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். நடுநாயகமாகத் தொங்குவது மண்டல அளவில் மூன்றாம் இடத்துக்கானது. அந்த மண்டலத்தில் கலந்துகொண்டதே மூன்று பேர்தான் என்பதைச் சான்றிதழில் அச்சடிக்க மறந்திருந்தார்கள்.

போட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. உலகத்தின் பல மூலைகளில், பூட்டிய அறைகளில் உட்கார்ந்திருக்கும் சில ஆயிரம் பேர் இரண்டு நாள் விடாமல் ஒருவரையொருவர் தந்தியில் கூப்பிடுவார்கள். அழைப்புக்குறியைச் சொல்லி, ஓர் எண்ணைக் கொடுத்து, ஓர் எண்ணை வாங்கி, நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் ஓடுவார்கள். ‘உங்கள் ஒலி எப்படிக் கேட்கிறது’ என்று மதிப்பெண்ணும் போட வேண்டும். கேட்காதவனுக்கும் முழு மதிப்பெண் போடுவதுதான் மரபு. கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் சொல்கிற பதில் மாதிரி.

இந்த ஓட்டத்திலும் ஒரு மரியாதை உண்டு. மெதுவாக அனுப்புகிறவர் கூப்பிட்டால், வேகக்காரர் தன் வேகத்தைக் குறைத்து அவருக்குச் சமமாக வர வேண்டும். அப்படியும் பிடிபடவில்லை என்றால் அவர் ‘க்யூ ஆர் எஸ்’ என்று அனுப்புவார்: மெதுவாகப் போங்கள். அதன் கடைசி எழுத்து மூன்று புள்ளி. டிட் டிட் டிட் என்று, தூங்குகிற வீட்டின் கதவை விரல் நுனியால் தட்டுவது போல வரும். இதற்கு நேரெதிர் ‘க்யூ ஆர் க்யூ’: வேகமாகப் போங்கள். அதன் கடைசி எழுத்து நீளமான கோட்டில் தொடங்கும், டா என்று. முதல் இரண்டு எழுத்தும் இரண்டுக்கும் ஒன்றே. மூன்றாவது எழுத்து தொடங்கும் வரை எதிராளி எதைக் கேட்கிறான் என்று யாருக்கும் தெரியாது.

மின்னல் யாருக்காகவும் குறைத்தவர் இல்லை. தட்டுத்தடுமாறி வருகிற புது ஆட்களுக்கு ‘க்யூ ஆர் க்யூ’ என்று ஒன்றை வீசிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். போன ஆண்டு விழாவில் ‘வேகமே பண்பு’ என்ற தலைப்பில் பேசினார். கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் பேசினார்.

இன்று மதியத்திலிருந்து ஒருத்தர் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மெதுவென்றால் அப்படியொரு மெது. ஒவ்வொரு புள்ளியும் கிணற்றுக்குள் விட்ட கல் மாதிரி, விழுந்து சேருமா என்று காத்திருக்க வைக்கும். மின்னல் மூன்று முறை ‘க்யூ ஆர் க்யூ’ வீசினார். மூன்று முறையும் மறுமுனை அமைதியாக இருந்தது. திட்டு வாங்கிய ஆளின் அமைதி இல்லை அது. குறித்துக்கொள்கிற ஆளின் அமைதி.

இப்போது சூரியன் இறங்கும் நேரம். மேற்கு ஜன்னலில் வானம் பழைய பித்தளைப் பாத்திரத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. அலைவரிசை காலியாகிக்கொண்டிருந்தது, சந்தை கலைந்த மைதானம் மாதிரி ஆங்காங்கே ஒரு குரல், பிறகு வெறும் இரைச்சல். போட்டி முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. அப்போதுதான் பல் டாக்டர் போன் செய்தார். சங்கத்தின் தலைவர் அவர், கோப்பையும் மூன்று வருடமாக அவர் வீட்டில்தான் தூசி வாங்கிக்கொண்டிருந்தது.

“என்ன மின்னல் சார், இடி மட்டுந்தான் கேக்குது, வெளிச்சத்தையே காணோம்?” என்றார். பிறகு தன் மதிப்பெண்ணைச் சொன்னார். மின்னலை விடக் கொஞ்சம்தான் அதிகம். ஒரே ஒரு புதுப் பிரதேசம் கிடைத்தால் போதும். புதுப் பிரதேசம் என்பது மொத்த மதிப்பெண்ணையும் பெருக்கிக் கொடுக்கும் சமாசாரம்.

போனை வைத்ததும் ஹெட்போனில் மறுபடியும் அந்த மெதுக்காரர். அழைப்புக்குறியின் முதல் இரண்டு எழுத்தை வைத்துத்தான் ஓர் ஆள் எந்தப் பிரதேசம் என்று கண்டுபிடிப்பது. மின்னல் கேட்டார். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அந்த இரண்டு எழுத்தில் தொடங்கும் இடம் எதுவும் பட்டியலில் இல்லை.

புதுப் பிரதேசம்.

அதனால்தான், வாழ்க்கையில் முதல்முறையாக, அவர் வேகக் குமிழைக் கீழ்நோக்கித் திருகினார். குழாய்ச் சொட்டு பின்தங்கியது அப்போதுதான்.

ஒலியில் ஒரு கரகரப்பும் இருந்தது. மொட்டை மாடியில் இரும்புக் குழாய்க்கும் மேற்குச் சுவருக்கும் நடுவே கட்டியிருந்த ஆன்டெனா கம்பி காற்றில் தளர்ந்து எதிலோ உரசுகிறது என்று அவருக்குப் புரிந்தது. போட்டி நடக்கும்போது தளபதி நாற்காலியை விட்டு எழக் கூடாது. மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஒவ்வொரு எழுத்தையும் தொட்டுப் பார்த்து அனுப்புகிற வேலை, பேச்சும் அப்படியே. ஒரு வாக்கியத்தை எடுத்தால் அதன் கால், கொம்பு, புள்ளி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் இறக்கி வைப்பாள். அவ்வளவு நேரம் மின்னலுக்கு ஏது? கல்யாணமான நாளிலிருந்து அவள் வாக்கியங்களுக்கு முற்றுப்புள்ளி வைப்பது அவர்தான்.

படியேறி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. கட்டைவிரல் வாரை அவளே ஊசிநூலால் தைத்துப் போட்டிருந்த தோல் செருப்பு. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே அவள் நின்று பூ தொடுத்துவிட்டு வருவது போல இருந்தது. வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்தார்.

“என்னங்க,” என்று வாசலில் நின்றாள்.

“மாடில கம்பி தளந்துடுச்சு. கயித்தை இழுத்துக் கட்டிட்டு வந்துடு. அஞ்சு நிமிஷ வேலை.”

“கட்டறேன். ஆனா அந்த மேக்குப் பக்கம் கைப்பிடிச் சுவரு...”

“தெரியும் தெரியும். அழுக்கா இருக்கும். கையைக் கழுவிக்கலாம்.”

அவள் அவரைப் பார்த்தாள். ஒரே பிழையைப் பத்தாவது முறையும் திருத்தாமல் அனுப்புகிற எழுத்தாளரைப் பார்ப்பதுபோல.

“என்னைக்காவது ஒரு நாள் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுப் பாருங்க. சும்மா, ஒரு மாறுதலுக்கு.”

அவர் ஹெட்போனைச் சுட்டிக்காட்டினார். அவள் மேலே போனாள்.

மறுமுனையிலிருந்து வந்தது: க்யூ ஆர் எஸ். மெதுவாக.

திருகினார். தந்தி அடிக்கும் பேடிலின் இரண்டு இதழ்களில் ஒன்றைத் தட்டினால் புள்ளி, மற்றொன்றைத் தட்டினால் கோடு. எவ்வளவு வேகம் என்பதைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். இரண்டு நாளாகத் தட்டித் தட்டிக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப் போயிருந்தன. அவை இன்னும் தன் கையோடுதான் இருக்கின்றனவா என்று அவ்வப்போது குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அனுப்பினார். தலைக்கு மேல் விசிறியின் உறுமல் தடித்து, பிரிந்து, தனித்தனி மூச்சுகளாக வரத் தொடங்கியது. அண்ணாந்து பார்த்தார். மூன்று இறக்கைகளும் தனித்தனியாகத் தெரிந்தன. அவற்றின் விளிம்பில் படிந்திருந்த கறுப்புத் தூசிகூடத் தெரிந்தது.

மின்சாரம் குறைந்திருக்கிறது, என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொன்னார். மீட்டரைப் பார்த்தார். முள் அசையாமல் சரியான இடத்தில் இருந்தது.

அவர் முட்டாள் இல்லை. குமிழை மேலே திருகி, யாரும் கேட்காத ஓர் அலைவரிசையில் நாலு எழுத்து அனுப்பிப் பார்த்தார். சட்டென்று விசிறி உறுமியது, கடிகாரம் ஓடியது, குழாய் சொட்டுகளை இறைத்தது, மாடியில் செருப்பு சரக் சரக்கென்று நடந்தது. கீழே திருகி அனுப்பினார். எல்லாம் தேன் ஊற்றியதுபோல் இழுத்துக்கொண்டன. மறுபடி மேலே. மறுபடி கீழே. வீடு அவர் சொன்னபடி கேட்டது. கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக என்று அவருக்குள் ஒரு சிரிப்புகூட வந்தது.

பயம் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி மனசு தடித்திருந்தது. குத்தினால் தெரியும், வலிக்காது. தூக்கமின்மை, என்றார். கோப்பை வந்தபிறகு தூங்கிக்கொள்ளலாம்.

மெதுக்காரரிடம் திரும்பி வந்தார். இப்போது இன்னொன்றும் புரிந்தது. தான் அனுப்பும்போது வீடு தன் வேகத்தில் ஓடுகிறது. மறுமுனை அனுப்பும்போது மறுமுனையின் வேகத்தில் ஓடுகிறது. பேச்சு யார் கையிலோ, வீடு அவர் கையில்.

அழைப்புக்குறியின் மூன்றாவது எழுத்து வந்து சேர்ந்தது. குறித்துக்கொண்டார். நான்காவது பாதியிலேயே நின்றது. அதற்குப் பதில்: க்யூ ஆர் எஸ்.

குமிழ் கடைசிக் கோட்டில் முட்டி நின்றது. அதற்குக் கீழே பெட்டியில் வேகம் கிடையாது.

மேசையில் மின்கட்டண ரசீதுகளின் மேல் எடைக்கு வைத்திருந்தது ஒரு பழைய கைச்சாவி. இரும்புத் தண்டு, கறுப்புக் குமிழ். அழுத்தினால் ஓசை, விட்டால் மௌனம். அதில் வேகத்தைப் பெட்டி பார்த்துக்கொள்ளாது. புள்ளி எவ்வளவு, கோடு எவ்வளவு என்பதெல்லாம் கையின் பொறுப்பு. பேடிலைக் கழற்றி அதை மாட்டப் போனார். இணைப்புக் கம்பியை எடுக்கக் கை நீட்டினார், கை போனது, போய்க்கொண்டே இருந்தது. தன் கை மேசையைக் கடப்பதை, அலுவலகத்தில் ஒரு விண்ணப்பதாரர் தன் கோப்பு நகர்வதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனசு மட்டும் பழைய வேகத்தில் இருந்தது. உடம்பு வீட்டோடு சேர்ந்துவிட்டது.

அழுத்தினார். விட்டார். அழுத்தினார்.

மறுமுனை பதில் சொன்னது. ஒரு புள்ளியின் நீளத்தில் ஒரு நினைவை முழுதாக நினைத்து முடிக்கலாம் போலிருந்தது. விசிறி ஏறக்குறைய நின்றிருந்தது. கடிகாரம் ‘டி’ என்றது. ‘க்’ இன்னும் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே வானம் அதே பித்தளை. இருட்ட வேண்டிய நேரம் எப்போதோ வந்திருக்க வேண்டும். இருட்டவில்லை. ஒரு பறவை சிறகை உயர்த்தியபடி வானத்தில் ஒட்டியிருந்தது. ஹெட்போனின் ஓசை மட்டும் துளிகூட மாறாமல், அதே சுருதியில், சுத்தமாக.

கரகரப்பு போய்விட்டதே என்று அப்போதுதான் தோன்றியது. கம்பியைக் கட்டிவிட்டாள். இறங்கி வரலாம்.

மேலே ஏதோ ஒரு சத்தம் தொடங்கியது. கனமான ஒன்று, கனமான இன்னொன்றின் மேல் அரைபடுகிற சத்தம். தொடங்கி, நீண்டு, இன்னும் நீண்டது.

பிறகு ஜன்னலின் மேல் விளிம்பில் தூள் தெரிந்தது. சிவப்புத் தூள். மெல்லிய திரை போல அது இறங்கியது, வெளிச்சத்தில் ஒவ்வொரு துகளும் தனியாக.

மழைக்கு முன்னால் கொத்தனார் வந்திருந்தார். மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒரு கையால் ஆட்டிக் காட்டினார். விழத் தயாரான பல்லை நாக்கால் ஆட்டுவதுபோல் சுவர் ஆடியது. சிமெண்டுத் தூசி கருவிகளுக்கு ஆகாது, போட்டி முடியட்டும் என்று அவரை அனுப்பிவைத்தது மின்னல்தான். அனுப்பியதை மனைவியிடம் சொல்லியும் இருந்தார். அவள்தான் இன்று வாசலில் நின்று அதைத் திருப்பிச் சொல்லத் தொடங்கினாள். அவர்தான் முற்றுப்புள்ளி வைத்தார்.

ஒரு செங்கல் வந்தது. மூலை உடைந்த செங்கல், சோம்பலாகப் புரண்டபடி, ஜன்னலின் முதல் கண்ணாடியைக் கடந்து, இரண்டாவது கண்ணாடிக்கு இறங்கியது.

அதன் பின்னால் ஒரு செருப்பு.

தோல் செருப்பு. கட்டைவிரல் வாரில் தையல். உள்ளே கால் இல்லை.

அவர் எழுந்தார். எழ நினைத்தார். இடுப்பு நாற்காலியை விட்டு ஒரு நூல் கிளம்பியது. அந்த ஒரு நூல் நேரத்தில் செருப்பு ஒரு விரல்கடை இறங்கியது. கணக்குப் போட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. அவளுக்கு எவ்வளவு மெதுவோ அவருக்கும் அவ்வளவே மெது. ஜன்னல் பத்தடி. கீழே சிமெண்டுத் தரை பதினைந்தடி. எழுந்து, ஓடி, கதவைத் திறந்து, கை நீட்டுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

மறுமுனை அனுப்பி முடித்தது. கடைசியில் ஒரு சிறு எழுத்து: இனி நீங்கள்.

மௌனத்தில் வீடு நழுவியது. ஜன்னலின் மேல் விளிம்பில் கூந்தல் தெரிந்தது. மேலிருந்து கீழாக வரும் கூந்தல், பின்னல் அவிழ்ந்து, தண்ணீருக்குள் விரிவதுபோல் விரிந்தபடி. பிறகு இரண்டு கைகள். பிறகு நெற்றி.

அவர் சாவியை அழுத்தினார்.

நின்றது.

முழுக்க நின்றுவிடவில்லை, ஆனால் நின்றதுபோல. தலைகீழாக, நெற்றியும் கண்களும் ஜன்னலின் முதல் கண்ணாடிக்குள். கண்கள் திறந்திருந்தன. வாய் இன்னும் சட்டத்துக்கு மேலே இருந்தது.

விடக் கூடாது. அவ்வளவுதான். இதுதான் வேலை. இவ்வளவு நாள் செய்ததெல்லாம் வேலையே இல்லை. சாவி அழுந்தியிருக்கும் வரை பேச்சு அவர் கையில். பேச்சு அவர் கையில் இருக்கும் வரை இது ஒரு கோடு. கோடு முடியாத வரை அடுத்தது எதுவும் நடக்காது. காதில் தன் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது, ஒரே சீராக. அவர் அவளைப் பார்த்தார். அவள் புருவத்தில் அச்சு மை ஒட்டியிருந்தது. எத்தனை வருடமாக அங்கே அச்சு மை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒரு ரீங்காரமும் இருந்தது. தாழ்ந்த சுருதி, தரையிலிருந்து வருவது போல. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் என்று நினைத்திருந்தார். டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. கண்ணாடிக்கு அப்பாலிருந்து வந்தது.

அது அவள் குரல். ஏதோ ஒரு சொல்லின் முதல் எழுத்தில் இருந்தாள்.

என்ன சொல்ல வருகிறாள்? கூப்பிடுகிறாளா? அலறலா? சுவரைப் பற்றிய அந்த வாக்கியத்தின் மிச்சமா? வழக்கம்போல் முடித்து வைக்கப் பார்த்தார். முடியவில்லை. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு எதையும் முடிக்க முடியாது. காத்திருக்கத்தான் முடியும்.

காத்திருந்தார்.

மறுபடியும் அவள் கண்ணைப் பார்த்தபோது, அது மேல் கண்ணாடியில் இல்லை. இரண்டாவது கண்ணாடியில் இருந்தது.

ஒரு சாண் இறங்கியிருந்தாள்.

குனிந்து கையைப் பார்த்தார். மரத்துப்போன இரண்டு விரல்களும் சாவியின் கறுப்புக் குமிழ் மேல்தான் இருந்தன. ஆனால் தண்டுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு தெரிந்தது. விரல்கள் அழுத்தவில்லை. எப்போதோ விட்டிருந்தன. அவருக்குத் தெரியவில்லை.

அப்படியானால் காதில் கேட்டுக்கொண்டிருப்பது?

அவருடையது இல்லை.

மறுமுனை பேசிக்கொண்டிருந்தது. கோடு ஒன்று முடிந்தது. இன்னொரு கோடு. ஒரு புள்ளி. ஒரு கோடு. க்யூ.

சாவியை அழுத்தினார். எவ்வளவு அழுத்தினாலும் இப்போது பயனில்லை. ஒருவர் பேசும்போது குறுக்கே பேசினால் இருவர் ஒலியும் போகும், பேச்சு கைமாறாது. அதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குறுக்கே பேசுவதில் அவருக்கு நல்ல அனுபவம்.

புள்ளி. கோடு. புள்ளி. ஆர்.

முகம் முழுவதும் ஜன்னலுக்குள் வந்துவிட்டது. வாய் தெரிந்தது. பாதி திறந்த வாய். கண்கள் அவரைத்தான் பார்த்தன. அவற்றில் பயம் இருந்திருக்கலாம். தலைகீழாக இருந்ததால் படிக்கத் தெரியவில்லை. பிழை திருத்துகிறவள் பார்க்கிற பார்வை. அடுத்த எழுத்து சரியாக வருமா என்று.

இடைவெளி.

இரண்டு எழுத்தும் வந்தாயிற்று. மூன்றாவது.

எஸ், என்று வேண்டினார். மெதுவாக. இன்னும் மெதுவாக. எவ்வளவு வேண்டுமானாலும். கோப்பை வேண்டாம், பிரதேசம் வேண்டாம், இருட்டவே வேண்டாம். இப்படியே உட்கார்ந்திருப்பார். அவள் சொல்லி முடிக்கும் வரை கேட்பார். மூன்று புள்ளி. முதலில் ஒன்று. தொட்டதும் விட்டுவிடுகிற ஒரே ஒரு டிட்.

ஓசை தொடங்கியது.

ஒரு புள்ளி எவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியும். ஆர் எழுத்தில் வந்த புள்ளியை இப்போதுதான் அளந்திருந்தார். அந்த நீளம் வந்தது. இங்கே நிற்க வேண்டும்.

கண்ணாடிக்கு அப்பால் அவள் வாய் மெல்ல அகன்றது.

இங்கே.

ஓசை நிற்கவில்லை.